ஷூ போட்டுக்கொண்டு தூங்கிய டீச்சர்

எங்கள் ஊரில் நடுவயதைத் தாண்டியவர்களிடம் மஷோக்கோ டீச்சரின் பெயரைச் சொன்னால், தாடையைச் சற்றே தூக்கிக்கொள்வார்கள். அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது. இரண்டாம் வகுப்பில் வாசிக்கக் கூப்பிடும்போது டீச்சர் இரண்டு விரலால் பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். "வாயத் தொற. எழுத்து வெளிய வர வழி வேணாமா?" என்பார். கறிக்கடைக்காரர், மினிபஸ் டிரைவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லாரும் அந்த விரல்களுக்கு அகப்பட்டவர்கள்தான். அதே பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான் கணக்கு எடுத்தேன். கேள்வியைத் திக்காமல் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள் என்றால் அது அவர் புண்ணியம்.

எனெரெசி மஷோக்கோ என்பது முழுப் பெயர். கணவர் கல்நார்ச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு அடைத்து இறந்துபோனார். ஒரே மகள் லண்டனில் வயதானவர்களைக் கவனிக்கும் வேலை செய்தாள். டீச்சர் தனியாக இருந்தார். பென்ஷன் வரும், நிம்மதியாகக் காலம் தள்ளலாம் என்று எல்லாரையும் போல அவரும் நம்பியிருந்தார்.

பிறகு நாட்டின் பணம் மதிப்பிழந்து செத்தது. பென்ஷன் வாங்க வெளியூர் வங்கிக்கு பஸ் ஏறிப் போவோம், காலையிலிருந்து வரிசையில் நிற்போம், கையில் கிடைப்பது திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காணாது. நோட்டை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள், எங்கள் பென்ஷன் மட்டும் ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னும் சுருங்கியது. டீச்சர் வீட்டு வாசலில் பாக்கெட் ஐஸ் விற்க ஆரம்பித்தார். கரண்ட் போனால் அன்றைய வியாபாரம் தண்ணீராகிவிடும். நான் நடமாட முடிந்தவன் என்பதால் காவல் வேலைக்குப் போனேன். முன்பு எங்களிடம் படித்தவனின் கடைக்கே காவல்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். சர்ச்சின் பின்னறையில், பிள்ளைகளுக்கான குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பேசுவோம். தலைவர் தோபியாஸ் முகோனோ, பழைய தலைமையாசிரியர். பென்ஷன் அலுவலகத்தின் முன்னால் போய் உட்காருவது, தலைநகரிலிருந்து யாராவது வந்து பதில் சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை என்று அங்கேதான் முடிவு செய்தோம். நாற்காலியை அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எங்களில் பாதிப் பேரால் எழுந்திருக்க முடியாது.

அந்த வாரமே முகோனோவைக் காணவில்லை. நம்பர் பிளேட் இல்லாத வெள்ளைக் கார் ஒன்று ரொட்டிக் கடை வாசலில் அவரை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். சில நாள் கழித்து நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வந்தார். காலில் செருப்பு இல்லை. பாதம் முழுக்க வெடிப்பும் ரத்தமும். என்ன நடந்தது என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர் நின்றபடியே, "எனக்குப் பதிலா வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் போனபோது அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. கடைசியில் மஷோக்கோ டீச்சர்தான் எழுந்தார்.

"நான் இருக்கேன்" என்றார். கைகள் நடுங்கின. அதை நாங்கள் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். "வயசாச்சு, அதான் நடுங்குதுன்னு நெனச்சுக்காதீங்க. பயம்தான். பயந்துகிட்டே இருக்கேன், சரியா?"

மறுநாளே அந்த வெள்ளைக் கார் அவர் வீட்டுக்கு எதிரே, மாமரத்தடியில் வந்து நின்றது. உள்ளே இருப்பவர்கள் இறங்குவதில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி சிகரெட் சாம்பலைத் தட்டுவார்கள், அவ்வளவுதான். ஐஸ் வாங்கும் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் பேசுவதை விட்டாள். லண்டன் மகள் போன் செய்தால் டீச்சர் மழையைப் பற்றி மட்டும் பேசுவார்.

கோழிக் கூண்டின் கம்பி வலை அறுந்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனபோது அவர் காலில் பள்ளிக்கூடத்துக்குப் போடும் கறுப்பு ஷூ.

"எங்கயாவது கெளம்புறீங்களா டீச்சர்?"

"இல்ல. தூங்கும்போதும் இதக் கழட்டுறதில்ல. முகோனோ காலப் பாத்தீங்கல்ல? என்னைக் கொண்டுபோனா வெறுங்காலோட நடக்க வைக்கக் கூடாது. கயிற ரெட்டை முடிச்சா போட்டுருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. அன்று அந்த வலையை நான் எப்படிக் கட்டினேன் என்றே தெரியாது, கோழிகள் மறுநாளே வெளியே வந்துவிட்டன.

நான் அங்கே இருக்கும்போதே கேட்டைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான். நல்ல சட்டை, நல்ல ஷூ. பிரேமோர். பஸ் ஸ்டாண்டில் தக்காளி விற்கும் பெண்ணின் மகன். அரசாங்கத்தில் ஏதோ வேலை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள், என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. அவன் ஒரு பாக்கெட் ஐஸ் கேட்டான். டீச்சர் எடுத்துக் கொடுத்தார். அவன் அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"டீச்சர், திங்கக்கிழமை பென்ஷன் ஆபீஸ் முன்னால போய் உக்காராதீங்க."

"யாரு சொல்லி அனுப்புனது?"

"யாரும் இல்ல. நானா வந்தேன். நான் இங்க வந்தது தெரிஞ்சாலே எனக்கு ஆபத்து."

"முகோனோ சார் செருப்ப யாருப்பா கழட்டுனது?"

அவன் தரையைப் பார்த்தான். "நான் அந்த ரூம்ல இல்ல டீச்சர்."

"எந்த ரூம்ல?" என்று கேட்டார் டீச்சர், மெதுவாக.

ஐஸ் உருகி அவன் விரல்வழியாக நல்ல ஷூவின் மேல் சொட்டியது. "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க. கால் வலின்னு சொல்லுங்க. ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மிரட்டினானா, காப்பாற்ற வந்தானா என்று நாங்கள் இருவரும் பேசிப் பேசிப் பார்த்தோம். "ரெண்டுமா இருக்கும்" என்றார் டீச்சர். "இவனுக்கு 'ற' வரவே வராது, மாவுரா சார். வெயில்ல நிக்க வெச்சு சொல்ல வெச்சேன். இப்ப நல்லாவே பேசுறான்."

திங்கட்கிழமை வரப்போவதாகச் சொன்னவர்களில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. நான் போனேன், தைரியத்தால் இல்லை, டீச்சர் என் வீட்டு வாசலில் நாற்காலியோடு வந்து நின்றார், மறுக்க வாய் வரவில்லை. பென்ஷன் அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்கள். நாங்கள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கோஷம் போடவில்லை.

வெயில் ஏறும் முன்பே வெள்ளைக் கார் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை, பேச்சிலேயே தெரிந்தது. பின்னால் பிரேமோர்.

"யாரு தலைவி?"

டீச்சர் எழுந்தார். அவர் நாற்காலியின் கை படபடவென்று சுவரில் அடித்தது, அதைப் பிடித்திருந்த கை அப்படி ஆடியது.

"ஏத்து" என்றான் அவன், பிரேமோரைப் பார்த்து.

பிரேமோர் டீச்சரின் முழங்கையைப் பிடித்தான். ஒரு நோயாளியை நடத்திப் போவதுபோல நடத்திப் போனான். டீச்சர் திரும்பி எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சொல்ல விரும்பவில்லை. காரின் கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தபடியே இருந்தோம்.

அங்கிருந்து வெளியேற ஒரே வழி பஸ் ஸ்டாண்டைக் கடந்துதான். கார் திரும்பி அங்கே போனபோது, நடுச்சாலையில் ஒரு பெண் நின்றாள். பிரேமோரின் அம்மா. இடுப்பில் கட்டிய துணியில் தக்காளிக் கறை. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அவள் நகரவில்லை. கார் முட்டுகிற அளவுக்கு வந்து நின்றது.

"பிரேமோர், எறங்கு" என்றாள்.

பின்சீட்டில் அவன் தலை குனிந்திருந்தது.

"ஒங்கப்பா செத்த வருஷம் ஒனக்கு யூனிபாரம் தெச்சுக் குடுத்தது யாரு? எங்கிட்ட காசு வாங்குனாங்களா? அவங்கள எங்கடா கொண்டு போற? சொல்லு, நானும் வரேன்."

ஊர்க்காரன் அல்லாதவன் இறங்கி, சட்டையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கியைக் காட்டினான். அப்போது ஒரு மினிபஸ் மெதுவாகப் பின்னால் வந்து, காரின் பின்பக்கத்தை அடைத்தபடி நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தான். இன்னொன்று வந்து பக்கவாட்டில் நின்றது. "ரிப்பேர் ஆயிருச்சு" என்றான் ஒருவன். "எனக்கும்தான்" என்றான் மற்றவன். கறிக்கடைக்காரர் கத்தியைக் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். யாரும் கத்தவில்லை, யாரும் கல்லை எடுக்கவில்லை. வந்து வந்து நின்றார்கள். துப்பாக்கிக்காரனின் கை இடுப்பிலேயே இருந்தது. அது எந்த நொடி மேலே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த பயத்தை நான் விடுதலைப் போர்க்காலத்தில்கூட அறிந்ததில்லை.

அவன் போனில் யாரிடமோ பேசினான். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கதவைத் திறந்து, "எறங்கு கெழவி" என்றான்.

டீச்சரைப் பிரேமோரின் அம்மாதான் தாங்கிப் பிடித்தாள். மினிபஸ்கள் வழிவிட்டன. கார் போனது. பிரேமோர் அதிலேயே இருந்தான். தன் மகனை இறக்க வேண்டும் என்பது அந்தத் தாய்க்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் தோன்றியது.

அந்த மாதக் கடைசியில் தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். பென்ஷனை ஓரளவு உயர்த்தினார்கள். கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனாலும் மருந்து வாங்க முடிந்தது.

பிரேமோர் வீட்டுக்கு வரவில்லை. டீச்சருக்கு அதற்குப் பிறகு தன்னைப் பற்றிய பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அதன்மேல் இன்னொரு பயம் ஏறிக்கொண்டது. பிரேமோரின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பிணவறை என்று ஏறி இறங்கினார். பிணவறையில் இழுப்பறையைத் திறக்கும்போது தாய் கண்ணை மூடிக்கொள்வாள், டீச்சர்தான் பார்த்துச் சொல்வார். "இல்லம்மா. நம்ம புள்ள இல்ல."

முதல் மழை விழுந்த வாரத்தில் நாட்டு எல்லையான லிம்போபோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கிறானாம். பெயரைச் சொல்லாதே, திரும்பக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தாய் தெருவில் ஓடி வந்து டீச்சரிடம் காதோடு காதாகச் சொன்னாள். இருவரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள்.

இப்போது விலைவாசி அந்த உயர்வையும் தின்றுவிட்டது. போன ஞாயிறு சர்ச்சின் பின்னறையில் மறுபடி கூடினோம். பாதியில் வெளியே ஏதோ ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். அது போகும்வரை டீச்சர் பெஞ்சின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தார். போன பிறகு, மூச்சை விட்டு, "சரி, எந்தத் தேதின்னு சொல்லுங்க" என்றார்.