மாட்டாமல் வந்த டோக்கன்

1. அப்பா தன் பித்தளை டோக்கனை என்னிடம் கொடுத்தார்.
2. ஜெர்மனியில் அதை ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வரச் சொன்னார்.
3. நான் மாட்டவில்லை.
4. மாட்டியதாகச் சொன்னேன்.
5. பத்தொன்பது நாள் கழித்து அப்பா இறந்தார்.

நான் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். நடந்ததை வரிசையாக எழுதினால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும் என்பது எங்கள் வேலையில் பழக்கம். இதில் பிழை மூன்றாவது வரியில் இருக்கிறது. சில நாள் நான்காவது என்று தோன்றும்.

டோக்கன் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. மேலே ஒரு துளை, நடுவில் 1482 என்ற எண். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில், ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறுமுன் டைம் ஆபீஸ் பலகையிலிருந்து அவரவர் டோக்கனை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள், தேடப் போவார்கள். சுரங்கத்தை மூடிய அன்று அப்பா மேலே வந்தபோது பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டிருந்தார்கள். நீயே வைத்துக்கொள் என்றாராம் கிளார்க். அதன் பிறகு அப்பா தினமும் ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூரில் காவலாளி வேலை பார்த்தார், என்னைப் படிக்க வைத்தார், கடைசியில் நுரையீரலில் படிந்த கல்தூசியோடு ஆக்சிஜன் மிஷின் பக்கத்தில் படுத்தார். அத்தனை காலமும் டோக்கன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

பெங்களூரில் என்னோடு ஓராண்டு வேலை பார்த்த ஜெர்மன் தோழி, தன் ஊரான பிரைபெர்குக்கு வந்து பத்து நாள் தங்கிப் போகச் சொன்னாள். பல நூறு ஆண்டுகள் வெள்ளி எடுத்த ஊர். அவள் அனுப்பிய படங்களில் ஒன்றில், பார்வையாளர்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் சுரங்கத்தின் டோக்கன் பலகை இருந்தது. அப்பா அதைப் போனில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"ஒரு ஆணி காலியா இருந்தா மாட்டிட்டு வாம்மா. நான் மேல வந்தத இன்னும் ஒருத்தனும் எழுதல."

சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது. தொரைங்க வீட்டில் காரம் கேட்டுச் சண்டை போடாதே என்று பேச்சை மாற்றினார்.

தோழியின் வீடு சந்தைச் சதுக்கத்துக்கு அருகில் நான்காவது மாடியில் இருந்தது. சன்னலைத் திறந்தால் செங்குத்தான கூரைகள். முதல் நாளே பெரிய தேவாலயத்துக்கு அழைத்துப் போனாள். பிரசங்க மேடையைத் தாங்கிக்கொண்டு ஒரு சுரங்கத் தொழிலாளியின் கற்சிலை. அந்த ஊர் அவனைக் கோயிலுக்குள் வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் அவனுக்கு நினைவுச்சின்னம், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேடுதான்; காற்றடித்தால் அது வீட்டுக்குள் வரும், சோற்றுத் தட்டைக் கையால் மூடிக்கொள்வோம்.

மூன்றாம் நாள் சுரங்கத்துக்குப் போனோம். பலகை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. மூன்றாவது வரிசையில் கடைசி ஆணி காலி. வழிகாட்டி ஆங்கிலத்தில், கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டார். டோக்கன் என் உள்ளங்கையில் சூடாகிவிட்டிருந்தது. அந்த நிமிடம் வரை நான் அங்கே ஒரு பொறியாளர். பம்புகளைப் பற்றி நல்ல கேள்விகள் கேட்டிருந்தேன். கையைத் திறந்தால் பித்தளைத் துண்டோடு வந்த தொழிலாளியின் மகளாகிவிடுவேன், எல்லோரும் இரக்கத்தோடு பார்ப்பார்கள் என்று நினைத்தேன். கையில் என்ன என்று தோழி கேட்டாள். சாவிக்கொத்து என்றேன்.

ஊர் திரும்பியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மாட்டுனியாமா?"

"மாட்டிட்டேன்பா."

"எந்த ஆணி?"

"மூணாவது வரிசை, கடைசி."

இடம் சரியாக இருந்ததால் பொய் எளிதாக வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமா பார்க்க வந்தார். அவரும் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர். இன்னா, பொண்ணு வெளிநாடு போய்ட்டு வெறும் சாக்லேட்டா கொண்டாந்துச்சு என்று கிண்டல் செய்தார்.

"எம்பொண்ணு என் டோக்கன மாட்டிட்டு வந்துருக்குது," என்றார் அப்பா. "இன்னா நீ, இன்னும் கீழதான் கீற. நான் மேல வந்துட்டேன்."

மாமா சிரித்தார். அப்பாவின் வலது கை சட்டைப் பையை அழுத்திக்கொண்டிருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று நினைத்து நான் எழுந்துபோய் ஆக்சிஜன் அளவைக் கூட்டினேன்.

புதன்கிழமை இறந்தார். உடலைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து டோக்கன் விழுந்தது. ஜெர்மனியிலிருந்து வந்தது முதல் அதை என் லேப்டாப் பையின் உள் அறையில் ஒளித்து வைத்திருந்தேன். எந்த நாளில் எடுத்தார், சார்ஜர் தேடியபோதா, மாத்திரை தேடியபோதா, தெரியாது. மாமாவிடம் அப்படிச் சொன்னபோது அது அப்பாவின் கைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாவற்றையும் தோழிக்கு எழுதினேன். கேட்டிருந்தால் கண்ணாடியைத் திறந்திருப்பார்கள், இப்போதாவது அனுப்பு, நானே மாட்டுகிறேன் என்று பதில் எழுதினாள்.

அனுப்பவில்லை. மேலே வந்தவனின் டோக்கனைத்தான் ஆணியில் மாட்ட வேண்டும். அப்பாவை நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் கல்லறையில் இறக்கிவிட்டோம்.

இன்றைய நிலை: டோக்கன் என் மேசையில் இருக்கிறது. ஆணி காலியாக இருக்கிறது.