ஒத்திகையில் அடிபட்டுக் கிடந்தவர்

வடகவுஞ்சிக்குக் கீழே காட்டுப்பாதையில் போனுக்கு சிக்னல் கிடையாது. மேட்டில் ஏறியதும் மெசேஜ்கள் ஒரேயடியாக வந்து விழும். அப்படி விழுந்ததில் ஒன்றுதான், நம் கூட வழிகாட்டியாக இருந்த ஞானக்கா போய்விட்டார் என்ற செய்தி. மதுரை ஆஸ்பத்திரியில், விடியும் நேரத்தில். என் பின்னால் சென்னைக் குடும்பம் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டார்கள். பக்கத்தில்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர்களைப் பத்திரமாக இறக்கி வேனில் ஏற்றிவிட்ட பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

கொடைக்கானலில் மலையேற்ற வழிகாட்டிகளாக இருக்கும் நம்மில் பலர் அவரை நிற்கப் பார்த்ததைவிடப் படுத்துக் கிடக்கப் பார்த்ததுதான் அதிகம். சீசனுக்கு முன்னால் நாம் நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் அடிபட்டவராகக் கிடப்பது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. காப்பாற்றுகிறவராக இருக்கத்தான் நாம் எல்லோரும் அடித்துக்கொண்டோம்; ஈரத்தில், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கிடக்க ஆளில்லை. "நான் படுக்கேன். சண்டை போடாம வெரசா கட்டுப் போடுங்க" என்று சரிவில் போய்ப் படுத்துவிட்டார்.

சாதுவான நோயாளி என்று சொல்ல முடியாது. தண்ணீர் கேட்பார், திட்டுவார், வீட்டுக்குப் போகணும் என்று எழுந்து ஓடப் பார்ப்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கோபம் வந்தால் அவர் அம்மாவின் பேச்சு வாயில் வந்துவிடும். ஒருமுறை அவர் காலுக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிட்டு, எப்படி என்பதுபோல் நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். "ஏலே பாண்டி, கட்டு நல்லாத்தான் இருக்கு. இந்தக் காலோட ஒரு பொம்பள கெடக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை பேச ஏலாதோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உறைத்தது.

அந்தப் பாடம் பின்னொரு நாள் கிளாவரைப் பக்கம் கைகொடுத்தது. எங்களோடு வந்த ஓர் அம்மா வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. பனிமூட்டம் இறங்குகிறது, கணவர் கத்துகிறார், அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். இருட்டிவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்க முடியாத பாதை. வரிசையின் கடைசியில் வந்த ஞானக்கா என்னை விலக்கிவிட்டுத் தானே எல்லாம் செய்வார் என்று நினைத்தேன். அவரோ கணவரின் தோளைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தார். "நீ அவங்களப் பாரு, நான் இவரப் பாத்துக்கிறேன்." அவ்வளவுதான். நான் அந்த அம்மாவிடம் பெயர் கேட்டேன். அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே கட்டினேன். கம்பையும் ரெயின்கோட்டையும் கோத்து ஸ்ட்ரெச்சராக்கி, வெளிச்சம் இருக்கும்போதே ஜீப் வரை சேர்த்துவிட்டோம்.

"அந்தப் பொம்பள ஒம் மொகத்தையே பாத்துட்டுக் கெடந்துச்சு. பயத்த விட்டுருச்சு" என்றார் திரும்பும் வழியில். இந்தத் தொழிலில் நான் நிமிர்ந்து நிற்பது அன்றிலிருந்துதான். அவர் இருக்கும்போது நன்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூட வேலை செய்கிறவருக்கு யார் சொல்கிறோம்? இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் பயிற்சி தொடங்கியது. யார் படுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் போய்ப் படுத்தேன். கீழே கிடந்தால், குனிகிற முகமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. யாருக்குக் கை உதறுகிறது, யார் தைரியசாலிபோல் நடிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. இத்தனை காலமும் நம் ஒவ்வொருவர் பயத்தையும் அவர் பார்த்திருக்கிறார், ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். இனி அங்கே நான் படுப்பேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பேத்துப்பாறைப் பெண் என் காலடியில் மண்டியிட்டு, கட்டுத்துணியைத் தொடுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். "ரொம்ப வலிக்குதாண்ணே?"

"வலிக்குதும்மா" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. நன்றாக நடிக்கிறேன் என்றார்கள்.