மூன்று புள்ளி, ஒரு கோடு

அடையாறில், ஆதரவற்றோர் இல்லத்துக்காகப் பழைய துணி விற்கும் கடைக்குள் நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசனை வந்தது. கூடவே சைதாப்பேட்டை நடைபாதையில் அஞ்சலையக்கா கொட்டிவைக்கும் துணிக்குவியலும் நினைவில் வந்தது. இன்று அங்கே அக்காவும் இல்லை, அந்த நடைபாதையும் இல்லை.

மந்தைவெளித் தெருக்களில் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்கி வருவாள் அக்கா. அம்மா ஒவ்வொரு சட்டையையும் வெயிலில் பிடித்து இழை பார்ப்பாள், அக்குள் தையலை இழுத்துப் பார்ப்பாள், கடைசியில் காலரைத் திருப்பி, சலவைக்காரர் வீட்டுக்கு ஒன்றாகச் சேராங்கொட்டை மையால் போட்ட குறியைத் தேடுவாள். மூன்று புள்ளி, ஒரு கோடு.

"இந்தக் குறி கீது பாரு. அந்த வூட்ல துணிய நல்லா வெச்சிக்கிறாங்க."

"இன்னாமே, சம்மந்தி வூடு மாரி பேசுற!" என்று அக்கா சிரிப்பாள்.

அப்படி வருஷா வருஷம், முகம் தெரியாத ஒரு பையனின் சட்டைகளில் நான் வளர்ந்தேன். அவன் பையில் பேனா ஒழுகும். மேல் பித்தானைக் கடித்துவைத்திருப்பான். பள்ளியில் யாரோடும் பேசாத எனக்கு அவனை மட்டும்தான் நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்ட வருஷம், குவியலில் அந்தக் குறி வரவில்லை. எனக்குக் கேட்கக் கூச்சம், அம்மாதான் கேட்டாள்.

"வூடு காலி பண்ணிக்கினு போய்ட்டாங்க," என்றாள் அக்கா. அம்மா வேறொரு சட்டையை வெயிலில் பிடித்தாள்.

இன்று, பெரியவர்களின் சட்டைகள் தொங்கும் வரிசையில் காலர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"சைஸ் பாக்குறீங்களா சார்?" என்றாள் கடைப்பெண்.

"ஆமாம்மா," என்றேன்.