வெயிலில் வைத்த செல்

அப்பாவின் பாட்டுப்பெட்டியைத் திறந்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கையில் தூக்கிக்கொண்டு போகப் பிடி வைத்த, பெரிய செல் போட்டால் ஓடுகிற பழைய ரெக்கார்ட் பிளேயர் அது. அப்பா போன பிறகு உள்ளே கிடந்த செல்லைக் கழற்றி வைக்க வீட்டில் ஒருவருக்காவது தோன்றியதா? எல்லாம் ஒழுகி, கம்பிச்சுருள் பச்சை பூத்துக் கிடந்தது. ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. திட்டிக்கொண்டே சுரண்டினேன்.

விட்டுவிடவும் முடியாது. அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. "முழுசா அடைக்கறதுக்குள்ள உங்கப்பா போடுற அந்தப் பாட்ட ஒரே ஒரு தபா கேட்டுட்றேன்டி" என்று கேட்டுவிட்டாள். மண்ணூர்பேட்டை கம்பெனியில் வருஷக்கணக்காக எலக்ட்ரானிக் போர்டுக்கு ஈயம் உருக்கி சால்டர் வைத்த கை என்னுடையது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது பெல்ட், புது முள் எல்லாம் மாற்றினேன். இனி செல்லே வேண்டாம் என்று அடாப்டர் ஒயரை உள்ளே சால்டர் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். அடேயப்பா, என்ன சுத்தம்! அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி இது? இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு ரயிலப் புடிக்க ஓடுற மாதிரி பாடுது? இது அவரு பாட்டு இல்ல."

"அதே ரெக்கார்டும்மா! அட்டைல அப்பா கையெழுத்து கீது பாரு!"

"என்கிட்டயே கத உடாத" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடு பட்டு இதற்குத்தானா? உம்மென்று மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கைப்பிடிச் சுவரில் வெயில் பட்டதைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸில் செல் தீர்ந்தால் யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். வெயிலில் காயவைத்து, திரும்பத் திரும்பப் போடுவார்கள். அம்மாவின் வடகத்துக்குப் பக்கத்திலேயே அப்பாவின் செல்லும் காயும். புது செல் கிறிஸ்துமஸுக்குத்தான். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு எப்போதும் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. "மெதுவா பாடட்டுமே, இன்னா அவசரம்?" என்பார் அப்பா.

கேஸ் கீசருக்குப் போட்டுத் தீர்ந்த பெரிய செல்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அடாப்டர் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுநாள் அவற்றை மாடியில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா மூட்டு வலியோடு ஏறி வந்து, வடகத்தைத் திருப்புவதுபோல அவற்றைத் திருப்பிவிட்டாள்.

சாயங்காலம் போட்டேன். குரல் தடித்து, அசைந்து அசைந்து வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இதாண்டி" என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

கடைசி சரணத்தில் செல் இறங்கிவிட்டது. தட்டு நிற்கப் போனது. முள்ளைத் தூக்கக் கையை நீட்டினேன். அம்மா பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். குனிந்து, ஒரு விரலைத் தட்டின் நடுவில் வைத்து மெல்லச் சுற்றினாள். குரல் மறுபடி எழுந்தது.

"கடசி அடிய உங்கப்பா இப்டி வெரலால தள்ளித்தான் முடிப்பாரு" என்றாள். பாட்டு முடியும்வரை விரலை எடுக்கவில்லை.