நெல்லியடிச் சந்தியில் என் மகனின் படம்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் புறப்பட்ட பேருந்தில் ஏறினேன். கட்டணம் ஐந்நூற்று அறுபது ரூபாய். மடியில் இரண்டு பைகள். ஒன்றில் மாற்றுச் சேலையும் மகனுக்குச் செய்த பயற்றம் பணியாரமும். மற்றது வெறும் பை. அவனுடைய உடுப்புகளைக் கட்டிக்கொண்டு வருவதற்காக மடித்து எடுத்துப் போனேன்.

மகன் வாகீசனுக்கு இருபத்தேழு வயது. நெல்லியடியில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். அது அவனுக்குச் சாட்டு, பேருக்கு ஒரு வேலை. உண்மையான வேலை கரப்பந்து, அதுதான் வொலிபோல். பருத்தித்துறைக்குக் கிட்ட, கடலோரக் கிராமமொன்றின் கழகத்துக்கு எட்டு வருடமாக ஆடினான். சித்திரையில் வலது முழங்கால் கழன்றது. சத்திர சிகிச்சை செய்த டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்: "நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். பாயக்கூடாது. இன்னொருக்கால் கழண்டால் ஊன்றுகோல்தான்." அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. நான் பேருந்து ஏறிய அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கழகம் அவனுக்குப் பிரியாவிடை ஆட்டம் ஒன்று வைத்திருந்தது. அவனைத் திடலில் இறங்கவிடாமல் பார்த்து, மறுநாள் வீட்டுக்குக் கூட்டிவருவது என்பதே என் பயணத்தின் நோக்கம்.

கொடிகாமத்தில் இறங்கினால் கிட்ட என்று நடத்துநர் சொன்னார். பழக்கமில்லாத பாதையில் போக எனக்குத் துணிவில்லை. யாழ்ப்பாணம் வரை போய், பத்து மணிக்கு 750ஆம் இலக்கப் பேருந்தைப் பிடித்தேன். நூற்று நாற்பது ரூபாய். வல்லைவெளியில் காற்று யன்னலால் அடித்து எல்லோருடைய தலையையும் கலைத்தது. நீரும் சேறும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. அதுவரை மனம் சமாதானமாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குச் சற்று முன் பேருந்து நெல்லியடிச் சந்தியில் திரும்பியபோது, மின்கம்பத்தில் கட்டியிருந்த பெரிய பதாகையில் என் மகனின் முகம் தெரிந்தது.

பின்னால் நீல வானமும் வெள்ளை மேகங்களும். இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. மேலே, "ஆறாத் துயருடன் விடை தருகின்றோம்". படத்தின் கீழே இடப்பக்கம் "மலர்வு" என்று அவன் பிறந்த ஆண்டு. வலப்பக்கம் இன்னொரு சொல்லும் அன்றைய திகதியும்; அந்தச் சொல்லை நான் வாசிக்கவில்லை.

முதல்நாள் இரவு எட்டு மணிக்கு அவனோடு பேசியிருந்தேன். ஆனால் நம் ஊர்களில் அப்படிப் பதாகை எதற்குக் கட்டுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை. நின்ற ஓட்டோவில் ஏறி ஊர்ப் பெயரைச் சொன்னேன். 

"உந்தப் பெடியன்ரை விசயமாத்தான் போறியளோ அம்மா?" என்றார் சாரதி. நாற்பது வயதிருக்கும்.

"ஓம்."

"எல்லாச் சனமும் அங்கதான் போகுது. எங்களுக்குப் பெரிய இழப்பு. கனடாவிலை இருந்து என்ரை தம்பி ராத்திரி எடுத்து அழுதவன். இனி மற்ச் பாக்கவே மாட்டானாம்."

"எப்ப நடந்தது?"

"சித்திரையிலை."

"சித்திரையிலை என்ன நடந்தது?"

"முழங்கால் போனதுதானே அம்மா. உங்களுக்குத் தெரியாதே?"

நான் அழத் தொடங்கினேன். அவர் ஓட்டோவை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் ஆர்?"

"அவன்ரை அம்மா."

அவர் இறங்கிப் போய் எதிர்க் கடையில் சோடா வாங்கி, மூடியைத் திறந்து என் கையில் தந்தார். "குடியுங்கோ அம்மா. உந்த மடையங்களுக்கு நான் அப்பவே சொன்னனான், பதாகையிலை விளக்கு வேண்டாமெண்டு" என்றார். மிச்ச ஆறு கிலோமீட்டரும் மெதுவாகவே ஓட்டினார். கேட்டது ஐந்நூறு ரூபாய், சோடாவுக்குக் காசு வாங்கவில்லை.

கழகக் கொட்டகையில் மகன் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். என் கை போய் அவன் முகத்தைத் தடவியது. எல்லோருக்கும் முன்னால் அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. போன் சட்டைப்பையில் கிடந்ததாம், சட்டை கொடியில் தொங்கியது.

கழகத் தலைவர் சிவராசா வள்ளம் வைத்திருக்கும் பெரிய உடம்புக்காரர். ஓட்டோக்காரர் சொன்னதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அன்ரி, கடைக்காரன் கொம்பியூட்டரிலை நாலைஞ்சு மாதிரி காட்டினவன். உதுதான் வடிவா இருந்தது. 'உதிர்வு' எண்டு கிடந்ததை வெட்டிப்போட்டு 'ஓய்வு' எண்டு மாத்திச்சனாங்கள்."

"அதை மாத்தத் தெரிஞ்சவைக்கு விளக்கை அணைக்கத் தெரியேல்லை" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மீன் விற்கும் தங்கேஸ்வரி அக்கா. கழகத்தின் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர் என்று மகன் முன்பே சொல்லியிருக்கிறான்.

"நீங்கள்தானே அக்கா படம் இருட்டாக் கிடக்கு எண்டனியள்."

"நான் படத்தைச் சொன்னனடா. பெத்தவளைச் சாக்கொல்லப் பாத்தியள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் மகனின் காலைப் பார்த்தேன். முழங்காலில் இறுக்கமான கட்டு. காலில் விளையாட்டுச் சப்பாத்து.

"உது என்னத்துக்கு?"

"சும்மா போட்டனான் அம்மா."

அந்த "சும்மா" எனக்குத் தெரியும். மரத்தில் ஏறப் போகும்போதும் சின்ன வயதில் அதைத்தான் சொல்வான்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. திடலுக்குப் பின்னால் பனைகள், அதற்கும் பின்னால் கடல். மூன்று பக்கமும் சனம். சிலர் மோட்டார் சைக்கிள் இருக்கைகளில் ஏறி நின்றார்கள். ஒலிபெருக்கியில் மகனின் பெயரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். வளர்ந்த ஆண்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். என் பிள்ளை பந்தை அடிப்பதை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இவர்கள் எட்டு வருடம் பார்த்திருக்கிறார்கள். அவன் பந்தை அடிக்க எழும்பும்போது எல்லோரும் வாயை மூடிவிடுவார்களாம், பந்து நிலத்தில் பட்ட பிறகுதான் சத்தம் போடுவார்களாம்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் அவனை இருத்தினேன். சப்பாத்துக் கயிறு இறுக்கிக் கட்டியபடியே இருந்தது.

இரண்டாவது சுற்றில் புள்ளிகள் சமமாக வந்தபோது மோட்டார் சைக்கிள் பக்கமிருந்து ஆரம்பித்தது. "வாகீ, வாகீ." பிறகு முழுத் திடலும். "ஒரே ஒரு அடி" என்று யாரோ கத்தினார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பசித்தவன் சோறு கேட்பது போல அன்போடுதான் கேட்டார்கள். எனக்கு அதுதான் பயம். திட்டியிருந்தால் அவன் எழுந்திருக்க மாட்டான்.

அவன் எழுந்தான். நான் அவனுடைய சட்டை நுனியைப் பிடித்தேன்.  அவனை மாற்று ஆட்டக்காரனாக இறக்குவதற்குச் சிவராசா கையை உயர்த்தப் போனார். அதற்குள் எதிரணி பந்தைப் போட்டுவிட்டது.

அந்த ஊர்களில் கரப்பந்தில் இடம் சுற்றுவதில்லை. ஆளுக்கொரு இடம், தொடக்கம் முதல் முடிவு வரை அதே இடம். எட்டு வருடமாக இடது ஓரம் என் மகனுடையது. அவனுக்குப் பந்து உயர்த்திக் கொடுப்பவன் தயா. அன்று இடது பக்கம் நின்ற புது ஆள் வலைக்குக் கிட்ட, உள்ளே தள்ளித்தான் நின்றான். தயா திரும்பிப் பார்க்காமல், வழமைபோலப் பந்தை இடது ஓரத்துக்கு உயர்த்தினான். நல்ல உயரம். சத்தமிட்ட சனம் பழக்கத்தில் வாயை மூடியது. பந்து ஒருவரும் இல்லாத இடத்தில் விழுந்து, மணலில் சற்று உருண்டு, நின்றது.

யாரும் கூச்சல் போடவில்லை. எதிரணிகூடப் புள்ளிக்குக் கை தட்டவில்லை. தயா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கொள்ளடா மச்சான். கை பழகிப்போச்சு" என்றான்.

மகன் நின்றபடியே இருந்தான். சட்டை நுனி என் கையில்.

கோட்டருகே பாயில் இருந்த தங்கேஸ்வரி அக்காதான் பேசினார். "இரு தம்பி. உன்ரை பந்து உன்ரை இடத்திலை விழுந்திட்டுது. எங்களுக்கு அது காணும், போதும்."

பிறகு ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் கதிரையில் அமர்ந்து, குனிந்து, கயிற்றை அவிழ்த்தான். சப்பாத்து இரண்டையும் கழற்றி என் கதிரைக்குக் கீழே தள்ளினான். கழகம் அன்று தோற்றது. வெடி கொளுத்தியது என்னவோ நம் பக்கத்தார்தான்.

ஞாயிறு காலை எட்டரைக்கு மகனும் நானும் நெல்லியடிச் சந்திக்கு வந்தோம். வீட்டுக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வழியில் ஒரு தேநீர்க் கடைக்காரர், ஒரு பாண் வண்டிக்காரர், சைக்கிளில் வந்த ஓர் ஆசிரியர், மூவரும் நிறுத்தி அவன் முழங்காலைப் பற்றி விசாரித்தார்கள். வவுனியாவில் எங்கள் ஒழுங்கையில் அவன் நொண்டி நடந்தாலும், யாருடைய பிள்ளை என்றுதான் கேட்பார்கள். ஊர்களுக்கிடையில் நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

வெறும் பையை அவனே வாங்கி, சப்பாத்தை உள்ளே வைத்துத் தந்தான். "இது இஞ்ச கிடந்தால் போடுவன் அம்மா. நீங்கள் கொண்டு போங்கோ."

பதாகை இன்னும் அங்கேதான் இருந்தது. யாரோ விடியற்காலையில் ஏறி இரண்டு விளக்குகளுக்கும் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். பேருந்து புறப்பட்டது. வெயில் பதாகையின் பின்பக்கமிருந்து விழுந்ததால் தாளுக்குள்ளால் விளக்குகள் இரண்டும் தெரிந்தன. அதற்கு நேர் கீழே, காலில் சிலிப்பருடன், என் மகன் கை காட்டிக்கொண்டு நின்றான். சந்தி மறையும்வரை நான் மேலே பார்க்கவில்லை.