மச்சான் தூக்கிய வாளி

போன வாரம் ஈப்போவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் பாய் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பாய் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர். படித்துவிட்டு அதே பேப்பரில் வடை மடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"என்னா சார், லண்டன் போய்ட்டு வந்தீங்களாமே. ராணி வீட்ட பாத்தீங்களா?"

"பாக்கல பாய்."

"அந்தப் பெரிய மணிக்கூண்டு?"

"பஸ்ல போறப்ப தூரத்துல தெரிஞ்சது."

"அப்பறம் என்னாதான்லா பாத்தீங்க?"

"ஒரு பந்துத் திடல் பாத்தேன். நம்ம ஈப்போ ஸ்டேடியத்துல பாதிகூட இருக்காது."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னொரு ரொட்டி போடவா சார்?" என்றார். துக்க வீட்டில் கேட்கிற குரல்!

அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் தங்கை சரோஜாவும் அவள் புருஷன் மணியமும் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் நர்சுகள். இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி. மணியமும் நானும் பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்து டீமில் அவன் பின்வரிசை ஆட்டக்காரன். நான்... சரி, ரிசர்வ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கூட்டாளி, பிறகுதான் மச்சான்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "சனிக்கிழமை பந்து பாக்கப் போலாம் மச்சான்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாராவாரம் டி.வி.யில் இங்கிலீஷ் கால்பந்து பார்த்து, பார்க்காதவனிடமும் அதைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் நான். ஆனால் என் வீட்டு டி.வி. கறுப்பு வெள்ளை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் திடல்களும் அப்படித்தான்.

"எந்தப் பெரிய டீம்டா?"

"பெரிய டீமா? நாலாவது டிவிஷன்லா. அதுலயும் அடியில கெடக்குது."

அடியில் கிடக்கிற டீமைப் பார்க்கவா கடல் கடந்து வந்தேன்? கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். விஷயம் வேறு.

ஆட்டத்தில் ஒருவன் அடிபட்டு விழுந்தால், ஓரத்திலிருந்து ஓர் ஆள் தண்ணீர் வாளியும் ஸ்பாஞ்சும் தூக்கிக்கொண்டு ஓடுவார், பார்த்திருப்பீர்கள். அந்த கிளப்பில் அந்த வேலையை ஒரு கிழவர் பார்த்துவந்தார். மணியம் சனிக்கிழமைகளில் அவருக்கு உதவி. துண்டு துவைப்பான், கட்டுத் துணி சுற்றுவான், வாளி கழுவுவான். திடலுக்குள் மட்டும் கால் வைத்ததில்லை. இப்போது கிழவருக்கு முட்டியில் ஆபரேஷன். அதனால் இந்தச் சனிக்கிழமை மணியம்தான் ஓட வேண்டும். கிளப் தலைவர் ஊரில் கறிக்கடை வைத்திருக்கும் மனிதர். 'சனிக்கிழமை எப்படிப் போகிறது பார்க்கலாம், வாளி இனி உன்னிடமா என்று பிறகு சொல்கிறேன்' என்று சொல்லியிருந்தாராம்.

"இதுல என்னா பிரச்சினை? நீதான் நர்சாச்சே" என்றேன்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சரோஜாதான் பதில் சொன்னாள். "பிரச்சினை கைல இல்லண்ணே. ஆளுங்க வாய்ல இருக்கு. முந்தி ஒரு தடவ வெளியூர் டீம்ல ஒரு கறுப்புப் பையன் வெளையாண்டான். அவன் பந்தத் தொடறப்ப எல்லாம் கொரங்கு மாதிரி கத்துனானுங்க. இவரு அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல. இந்தச் சனிக்கெழம இவரே நடுத்திடல்ல போயி நிக்கணும்."

"நீ வரலியா?"

"நான் வரல. அவர ஏசுறத என் காதால கேக்க முடியாது."

மணியம் சப்பாத்துக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே பளபளத்த சப்பாத்து அது.

அந்த ஊர் வீடுகளைச் சொல்ல வேண்டும். செங்கல்லில் கட்டிய நம் தோட்டத்து லயன்தான். வரிசை வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி. அவற்றுக்கு நடுவே திடலின் நாலு விளக்குக் கம்பங்கள் வானத்தில் நின்றன. சனிக்கிழமை அந்தக் கம்பங்களைப் பார்த்தபடி ஜனங்கள் நடந்தார்கள். நானும் நடந்தேன். ஒருவன் மட்டும் நுழையக்கூடிய இரும்புச் சுழல் கதவு. என் தொந்தி கொஞ்சம் யோசித்தது. பின்னாலிருந்து யாரோ தள்ள, உள்ளே விழுந்தேன்.

ஐயோ, அந்தப் பச்சை!

மேலே சாம்பல் வானம், சுற்றிலும் கரி பிடித்த செங்கல் சுவர், ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை. நடுவில் அந்தப் புல். மழைத் துளி அதன் மேல் மின்னியது. இத்தனை வருஷம் டி.வி. என்னிடமிருந்து இதையா மறைத்தது?

உட்கார நாற்காலி கிடையாது. சிமெண்டுப் படிகளில் நிற்க வேண்டும். முன்னால் இடுப்புயரச் சுவர். நான் ஓர் இடம் பார்த்து நின்றேன். பக்கத்தில் பிளாஸ்க்கும் கையுமாக ஒரு வெள்ளைக்கார அம்மாள். அது தன் புருஷன் நிற்கிற இடம் என்றார். மன்னிப்புக் கேட்டு நகர்ந்தேன். "பரவாயில்லை, நில்லுங்கள். அவர் செத்துப் போய்விட்டார்" என்றார், ஏதோ சிகரெட் வாங்கப் போயிருக்கிறார் என்பது போல.

"நம்ம டீம் இன்றைக்கு ஜெயிக்குமா?" பேச்சை மாற்றக் கேட்டேன்.

"இந்த சீசனில் இன்னும் ஜெயிக்கவில்லை."

"அப்புறம் ஏன் வருகிறீர்கள்?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "இன்றைக்குச் சனிக்கிழமை அல்லவா?" என்றார்.

நாம் எப்படி? நம் பேராக் டீம் ஜெயித்தால் ஊரே நம்முடையது. இரண்டு ஆட்டம் தோற்றால், 'இவனுங்களுக்கு வேற வேல இல்ல' என்று வீட்டில் படுத்துக்கொள்வோம். இங்கே? தோற்பார்கள் என்று தெரிந்தே கிழவன், கிழவி, கைக்குழந்தைக்காரி எல்லாரும் குளிரில் வந்து நிற்கிறார்கள். ஆளுக்கொரு படி, ஆளுக்கொரு மூலை. நான் கோயிலில்கூட இப்படி நின்றதில்லை.

ஆட்டக்காரர்கள் ஓடி வந்தார்கள். கடைசியில் மணியம், இரண்டு அளவு பெரிய டிராக்சூட்டில், கையில் வாளியோடு. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அவன் யாரையும் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து வாளியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

முதல் பாதியில் யாருமே விழவில்லை! வாழ்க்கையில் முதல் தடவையாக, எவனாவது விழ வேண்டுமே என்று முருகனிடம் வேண்டினேன். பெரிதாக வேண்டாம் முருகா, சின்னதாக, ஒரு சுளுக்கு போதும்... எதிரணிதான் ஒரு கோல் போட்டது.

இடைவேளையில் நம் கறி பஃப் மாதிரி, சூடான இறைச்சி பை ஒன்று வாங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மழை பிடித்தது. குடையை விரித்தேன். பின்னாலிருந்து ஒருவர் "சாரி" என்றார். இந்த ஊரில் "சாரி" என்றால் கோபம் என்று அர்த்தமாம். மடக்கிவிட்டேன்.

இரண்டாம் பாதியில் முருகன் கேட்டுவிட்டார். வேண்டியதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே. டீம் கேப்டன் கதவு மாதிரி ஓர் ஆள், வார நாளில் வீடுகளுக்குச் சாயம் அடிப்பவராம். அவர் நடுத்திடலில் தடாலென்று விழுந்தார். விசில். மணியம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அப்போது வந்தது, பின்னாலிருந்து. "அப்படியே உன் ஊருக்கு ஓடு!" சிலர் சிரித்தார்கள். அதே வாயிலிருந்து அந்தக் குரங்குச் சத்தமும் வந்தது. என் காது சுட்டது. மணியத்துக்கும் கேட்டிருக்கும். முதுகு விறைத்தது, ஓட்டம் நிற்கவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். நம் தோட்டத்துத் திடலில் ஒருவன் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? வேடிக்கை பார்ப்போமா? மொத்தக் கூட்டமும் உள்ளே போகும். ஒருவர் துண்டால் விசிறுவார், ஒருவர் சோடா உடைப்பார், ஒருவர் வெயிலுக்குக் குடை பிடிப்பார், வேலையில்லாதவர் ரெஃப்ரியை ஏசுவார். விழுந்தவன் தனியாகக் கிடக்கக் கூடாது. அது நம் சட்டம்.

என் காலுக்கு அந்தச் சட்டம்தான் தெரியும். அது என்னைக் கேட்கவேயில்லை.

சுவரைத் தாண்டிவிட்டேன். ஈரப் புல்லில் வழுக்கி வழுக்கி ஓடினேன். கேப்டன் தலைமாட்டில் நின்று குடையை விரித்துப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். கூட வேறு யாருமே வரவில்லை! அவ்வளவு பெரிய பச்சையில் ஆட்டக்காரர்கள், ரெஃப்ரி, மணியம்... அப்புறம் குடையோடு நான். திடலே கப்சிப்.

மணியம் நிமிர்ந்தான். "டேய் பாவி! இங்க என்னாடா பண்ற?"

"ஆளு விழுந்துட்டானேடா மச்சான்..."

"இது பத்து காஜா இல்லடா! என் தலையில மண்ணள்ளிப் போடாத, ஓடிரு!"

அதற்குள் உயரத் தொப்பி வைத்த போலீஸ்காரர் வந்து என் கையைப் பிடித்தார். எனக்குப் பயம் போலீசை நினைத்து அல்ல. தகரக் கூரைக்குக் கீழே கறிக்கடைத் தலைவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஏசியவன் கெடுக்காததை நான் கெடுத்துவிட்டேனே! சரோஜாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

கீழே கிடந்த கேப்டன் ஒரு கண்ணைத் திறந்தார். குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யார் இது?"

"என் மனைவியின் அண்ணன்" என்றான் மணியம், செத்த குரலில்.

கேப்டன் போலீஸ்காரரிடம் சொன்னார்: "அவரைக் கொஞ்ச நேரம் விடுங்கள். இங்கேதான் நனையாமல் இருக்கிறது."

போலீஸ்காரரின் மீசை துடித்தது. பக்கத்தில் நின்ற ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். விஷயம் படிக்குப் படி தாவி, கூட்டம் முழுக்கச் சிரித்தது. என்னைத் திரும்ப என் படிக்கே கூட்டிக்கொண்டு போன போலீஸ்காரரும் என் குடைக்குள்ளேயே நடந்து வந்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

பின்னால் மணியம் காலைப் பிடித்து, தண்ணீர் ஒற்றி, கட்டுப் போட்டான். கேப்டன் அவன் தோளில் கை போட்டு எழுந்து நின்றார். அடிபட்டு எழுகிறவன் எந்த டீமாக இருந்தாலும் இவர்கள் கை தட்டுவார்களாம். தட்டினார்கள். பிளாஸ்க் அம்மாள் பின்னால் திரும்பி, அந்த வாய்க்காரனிடம் ஏதோ ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவர்கள் ஊர் இங்கிலீஷ் எனக்கு எட்டவில்லை. அவனுக்கு எட்டியது. அதன் பிறகு அவன் வாய் பை தின்பதற்கு மட்டுமே திறந்தது. அடுத்த வாரம் மறுபடி கத்தியிருப்பானோ என்னவோ, எனக்குத் தெரியாது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். சமன் செய்ய எங்களுக்கு இன்னும் ஒரு கோல் வேண்டும். அந்த வேளை பார்த்து, தூரத்துக் கோல் முனையில் எங்கள் கோல்கீப்பர் விழுந்தார். மணியம் வாளி நிறையத் தண்ணீரோடு கிளம்பினான். சிந்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஓடினான், ரப்பர் பால் வாளி தூக்கிய குடும்பமாயிற்றே.

கூட்டம் வெடித்தது.

"சீக்கிரம் ஓடுய்யா, சோம்பேறி!" "வாளியில் கல்லா வைத்திருக்கிறாய்?" "எங்கள் கிழவன் ஆபரேஷன் முட்டியோடு உன்னைவிட வேகமாக ஓடுவான்!" அச்சில் போடக்கூடியது இவ்வளவுதான்.

இந்தத் தடவை ஒரு வாய் இல்லை, படி முழுக்க ஏசுகிறது. பக்கத்தில் பார்த்தால் பிளாஸ்க் அம்மாளும் கையை வாயில் குவித்துக் கத்துகிறார்!

"நீங்களுமா அவனை ஏசுகிறீர்கள்?" என்றேன், மனசு விட்டுப்போய்.

"நேரம் போகிறதே! பழைய கிழவரை இதைவிடக் கேவலமாகத் திட்டியிருக்கிறோம். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை."

நான் திடலைப் பார்த்தேன். மணியம் ஓடிக்கொண்டிருந்தான், அத்தனை பல்லும் தெரிய. அவன் நிறத்தை ஒருவரும் ஏசவில்லை. ஊரை ஏசவில்லை. ஓட்டத்தை ஏசினார்கள். நானும் கையைக் குவித்துக் கத்தினேன். "ஓடுடா சோம்பேறி!" தமிழில்தான்.

தோற்றோம். யாரும் திடலைவிட்டு ஓடவில்லை. கை தட்டினார்கள், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மழையில் நடந்தார்கள். கறிக்கடைத் தலைவர் மணியத்திடம் வந்து இரண்டே வார்த்தை பேசினார். செவ்வாய்க்கிழமை பயிற்சி, தாமதமாக வராதே. பிறகு என்னைப் பார்த்து, அடுத்த முறை இவரைக் கட்டிப் போட்டுவிட்டு வா என்றார்.

வீட்டு வாசலிலேயே சரோஜா நின்றிருந்தாள். "என்னாச்சு? ஏசுனாங்களா?"

"ஏசுனாங்க சரோ!" மணியத்தால் நிற்க முடியவில்லை. "எல்லாரும் சேந்து ஏசுனாங்க! சோம்பேறின்னு! அந்தக் கெழவனே தேவலன்னு!"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என்னைவிட அவளுக்குப் புத்தி கூர்மை, உடனே விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

புருஷன் ஊரெல்லாம் ஏச்சு வாங்கி வந்ததற்காகக் கேசரி கிண்டிய பெண், எனக்குத் தெரிந்து, என் தங்கை ஒருத்திதான்.