கரட்டுக்குக் காப்புக் கட்டிய மதினி

வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். கடமலைக்குண்டிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் தேனிக் கடைவாசலில் நின்று, "அக்கா, பூசாரி வீட்டம்மா காலையில தவறிட்டாக. ஒடனே வரச் சொன்னாக" என்றார். திரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நோய் என்று ஒரு நாள் படுக்காதவர். கேப்பைக் கூழைக் குடித்து முடித்து, சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் சாய்ந்தாராம்.

பேச்சியம்மாள் என் கணவரின் அக்காள், எனக்கு மதினி. கடமலைக்குண்டுக்கு மேற்கே, கரடு என்று நாங்கள் சொல்லும் கல்குன்று ஒன்றின் அடிவாரத்துச் சிற்றூரில் அம்மன் கோயில் பூசாரிக்கு வாழ்க்கைப்பட்டவர். அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

அறுபதுகளில், கல்யாணமான புதிதில், நான் முதன்முதல் அந்த ஊருக்கு விருந்துக்குப் போன அன்று கரடு எரிந்துகொண்டிருந்தது. பதறிப்போனேன். "பயப்படாதத்தா, நாங்கதான் வச்சோம்" என்றார் மதினி. கோடை முற்றினால் கரட்டுக்குத் தீ வைப்பது அங்கே வழக்கம். புகை மேலே போனால் மேகம் இறங்கும், சாம்பலில் இளம்புல் முளைத்து ஆடுகளுக்கு ஆகும் என்பது ஊராரின் நம்பிக்கை.

அந்த வருஷம் மழை இறங்கத்தான் செய்தது. தடுக்க ஒரு புல்வேர்கூட இல்லாத கரட்டிலிருந்து சாம்பலும் கல்லும் சேறுமாக உருண்டு வந்து ஊரின் ஒரே குடிதண்ணீர்க் கிணற்றைத் தூர்த்துவிட்டது. தூர் எடுத்தார்கள், மறு மழையில் மறுபடியும் தூர்ந்தது. பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் சுமந்தார்கள். இப்படியே போனால் ஊரைக் காலிசெய்து கீழே இறங்க வேண்டியதுதான் என்று பேச்சு கிளம்பியது. மதினிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "சனம் எறங்கிப் போயிரும். அம்மனை யாரு தூக்கிட்டுப் போவா?" என்பார்.

பங்குனிப் பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் சாமிக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊரில் யாரும் பச்சை மரத்தில் கத்தியோ நெருப்போ வைக்க மாட்டார்கள். அந்த வருஷம் பூசாரி அண்ணன் அம்மனுக்கும் தமக்கும் காப்புக் கட்டி முடித்ததும், மதினி இன்னொரு மஞ்சள் கயிற்றை நீட்டினார். கரட்டு வாசலில், வெட்டுப்பட்டுத் துளிர்த்திருந்த உசிலை மரக் கட்டையில் அதையும் கட்டச் சொன்னார்.

மதினியின் கொழுந்தன் மொக்கைச்சாமிக்குப் பெரிய ஆட்டுக்கிடை உண்டு. வாய் அதைவிடப் பெரிது. "ஏ மதினி, கரட்டுக்குக் கையி எப்ப மொளைச்சுச்சு?" என்றார்.

"ஒனக்கு வாயி மொளைச்சப்பதான். பேசாம இரு."

கூட்டம் சிரித்தது. காப்பும் கட்டியாயிற்று. பொங்கல் முடிந்து மற்றக் காப்புகளை அவிழ்த்தார்கள். உசிலைக் கட்டை அருகே வந்தபோது மதினி குறுக்கே நின்றார்.

"பொங்கல் வச்சுத்தான காப்பு அவுக்கணும்? கரட்டுக்குப் பொங்கல் வச்சாச்சா?"

"வச்சுட்டாப் போச்சு. அரிசியக் கொண்டாங்க" என்றார் மொக்கைச்சாமி.

"அரிசி இருக்கு. கரட்டுச் சாமிக்குக் கரட்டுத் தண்ணியிலதான் பொங்கணும். ஓடை ஓடட்டும், நானே அவுக்குறேன்."

கரட்டிலிருந்து இறங்கும் ஓடை பங்குனியில் ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. பூசாரி அண்ணன் விபூதித் தட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார். பொண்டாட்டி பக்கமா அம்மன் பக்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கயிறு இற்றுப்போகும் முன்னரே ஒவ்வொரு பங்குனியிலும் அதன்மேல் புதுக் கயிறு ஏறியது. வீட்டுக் கணக்கைப் பைசா விடாமல் எழுதுகிற எனக்கு, வரவு எப்போது என்று தெரியாத காரியம் உறுத்தும். "இன்னும் எத்தனை வருசம் மதினி? காப்பை அவுக்காம வச்சுருந்தா சாமி குத்தம் ஆகிறாதா?" என்று கேட்டேன்.

"சாமிக்கு என்னத்தா அவசரம்? நீ என்ன வட்டிக்கா விட்டுருக்க?"

ஆனால் ஒரு கோடை மழை பொய்த்தது, அடுத்ததும் பொய்த்தது. ஒரு மத்தியானம் ஆண்கள் பந்தத்தோடு வந்தார்கள். தீ வைக்காததால்தான் மழை இல்லை என்றார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். மதினி உசிலையடியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, என் ஆடு எலும்பாக் கெடக்கு. தள்ளிக்கங்க" என்றார் மொக்கைச்சாமி. அன்று அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"பச்சையத்தான் தொடக் கூடாது. காஞ்சதை யாரு வேண்டாம்னா? வெறும் தீக்குத் திங்கக் குடுக்கிறதை அறுத்து ஆட்டுக்குப் போடு. என் அருவாளையும் தாரேன்."

மொக்கைச்சாமி பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்துவிட்டு அரிவாளை வாங்கிக்கொண்டார். ஊரே காய்ந்த புல்லை அறுத்துச் சுமந்தது. பற்றிக்கொள்ளக் கரட்டில் அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. மழை அதன் இஷ்டப்படி, அடுத்த ஐப்பசியில்தான் வந்தது.

பிறகு உசிலையும் வேம்பும் வெப்பாலையும் தாமாகவே எழுந்தன. விழுந்த இலை அங்கேயே மக்கி, செம்மண் மேல் கறுப்பாகப் படிந்தது. கிணற்றுக்கு வரும் தண்ணீர் தெளிந்து வந்தது. என் மகளின் அறிவியல் பாடப் புத்தகத்தைக் கூடவே படித்த நாளில், மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் உடம்பு வளர்க்கின்றன, எரித்தால் அது திரும்பவும் காற்றுக்கே போய்விடும் என்று தெரிந்துகொண்டேன். மதினியிடம் சொன்னேன். மதினி அந்தக் கறுப்பு மண்ணைக் கையில் அள்ளி நசுக்கிப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் காத்துல இருந்ததா? ஆத்தாடி! வருசா வருசம் ஆகாசத்துக்குக் கரியப் பூசிப்புட்டு, அதுகிட்டயே மழையக் கேட்டுருக்கமே!"

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி. கார்த்திகை முடிந்தும் நிற்காத ஓடை, பொங்கல் நாளிலும் கல்லிடுக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மதினி சொன்ன சொல் தவறாதவர். ஓடைத் தண்ணீரில் கரட்டுக்குப் பொங்கல் வைத்தார். பொங்கி வழிந்ததும் குலவையிட்டோம். கையைத் துடைத்துக்கொண்டு காப்பை அவிழ்க்க எழுந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

மொக்கைச்சாமி குறுக்கே வந்தார். "பொங்கலை மட்டும் எறக்குங்க. காப்பு கெடக்கட்டும்."

"சொன்ன சொல்லு என்னடா ஆகுறது?"

"அவுக்குறேன்னு சொன்னது நீங்க. அவுக்க வேண்டாம்னு சொல்றது ஊரு. என் ஆடு இப்பத்தான் நெழல்ல படுத்துப் பழகியிருக்கு, கெடுத்துப்புடாதீக."

மதினி சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மொக்கைச்சாமியின் இலையில்தான் முதல் பொங்கலை வைத்தார்.

வெள்ளியன்று நான் போய்ச் சேர்ந்தபோது, பெண்கள் தாமாக விழுந்த கட்டைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து, சாண எருவாட்டியோடு சிதைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மதினியைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஓடைக்குப் போனோம். அவரது பிறந்த வீட்டு ஆளாக நானும் ஒரு குடம் எடுத்தேன். மாசி மாதம். குடத்தைச் சாய்த்ததும் அது அப்படியே முங்கி, கழுத்துவரை நிறைந்து, குளிர்ந்து கனத்தது. ஈரம் தோளில் வழிய, நாங்கள் வரிசையாக இறங்கி வந்தோம்.

போய் வாருங்கள், மதினி. அம்மன் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். சனமும் இருக்கிறது.